பொறுப்பான ஆள்

க்ளெம் ஹாஸ்கிங்கின் இதயக் குழாயில் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்டது என்று தெரிந்தபோது அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் பேராசிரியர் ஆலிஸ்டர் ஃபென்விக்.

"அட்டகாசம்!" என்றார், திரையில் தெரிந்த வெள்ளை வளையத்தை விரலால் வருடியபடி. "முழு வட்டம். ஒரு பக்கம்கூட பாக்கியில்ல. இப்படி ஒரு சுண்ணாம்பைப் பார்த்து வருஷக்கணக்காச்சு. நீங்க பெருமைப்படணும்."

"பெருமைதாங்க டாக்டர். ஆனா நடந்தா நெஞ்சை அடைக்குது."

"அடைக்காம? இந்தக் குழாய்க்குள்ள ரத்தம் போறதே பெரிய விஷயம்!" என்று பேராசிரியர் இன்னும் மகிழ்ந்தார். அடிலெய்டில் உள்ள செயிண்ட் ஆஸ்வால்ட் இதய மருத்துவமனையின் தலைவர் அவர். சாதாரண அடைப்புகளை அவர் கையால் தொடுவதில்லை. சாதாரண அடைப்புக்குள் ஒரு பலூனை அனுப்பி ஊதி, கம்பிவலைக் குழல் ஒன்றைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. க்ளெமுடையது அப்படியல்ல. பலகாலம் தண்ணீர் கொதித்த கெட்டிலின் உட்புறம் மாதிரி இருந்தது. எந்தப் பலூனும் அதை விரிக்காது. முதலில் கல்லை உடைக்க வேண்டும்.

க்ளெமுக்கு எழுபத்துமூன்று வயது. வாலரூ துறைமுகத்துக் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி நோரீன் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. அவர் தெருவில் உள்ள வீடுகளெல்லாம் அடிலெய்டுக்காரர்களின் விடுமுறை வீடுகள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கு எரியும், ஞாயிறு மதியம் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வந்து போனதும், காலித் தொட்டிகளை ஒவ்வொன்றாக உருட்டி அந்தந்த வீட்டுக்குள் வைப்பது க்ளெம்தான். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. யாரும் நன்றி சொன்னதுமில்லை. தொட்டி தானாகவே உள்ளே வந்துவிடுகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டு தொட்டி உருட்டுவதற்குள் நெஞ்சில் யாரோ உட்கார்ந்துகொள்கிறார்கள். படகுத்துறையின் கடைசிவரை நடந்து நண்டு வலை போடுவது நின்றுபோய் ஒரு வருஷமாகிறது. அந்தக் குழாயைத் திறந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து டானெல் என்ற பெண் போன் செய்தாள். 'நோயாளிப் பயண ஒருங்கிணைப்பாளர்' என்பது அவள் பதவி. எந்தப் பயணத்துக்கு என்று க்ளெம் கேட்கவில்லை.

"சிகிச்சை முடிஞ்சதும் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாரு வராங்க, கண்ணு?"

"நானே போயிக்குவேன். பஸ் இருக்கு."

"அது முடியாது கண்ணு. மயக்க மருந்து குடுத்திருப்போம்ல? பொறுப்பான ஆள் ஒருத்தர் வந்து கையோட கூட்டிட்டுப் போகணும். ஒரு ராத்திரி கூடவே இருக்கணும். அது ரூல்."

"நானும் பொறுப்பான ஆள்தாம்மா. கிடங்குல கேட்டுப் பாரு."

"நீங்க பொறுப்பானவர்தான் கண்ணு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்களுக்கு நீங்களே பொறுப்பாக முடியாது."

"இத்தனை நாளா வேற யாரு இருந்தா?"

டானெல் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "அப்ப 'ஆள் இல்லை'ன்னு போட்டுக்கவா கண்ணு?"

அதுவரை யாரும் அவரிடம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கே தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் இன்னொருவர் குரலில் கேட்டபோது வலித்தது. "போடாதே, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

சிகிச்சை தள்ளிப்போனது.

க்ளெம் யோசித்தார். அவர் தினமும் பேசுகிற ஆள் ஒரே ஒருத்திதான், இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி வாங்கும் பேக்கரியின் க்ளெனிஸ். அவளிடம் கேட்டார்.

"ராத்திரி தங்கணுமா? உங்க வீட்டுலயா?" க்ளெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "என் புருஷன்கிட்ட என்ன சொல்லுவேன்? க்ளெமோட குழாய்க்குக் காவல் போறேன்னா?" பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கடையை விட்டு வர முடியாது என்று சொல்லி ஒரு பாஸ்டி கூடுதலாகப் பொட்டலம் கட்டினாள். அது நல்ல மனசுதான். ஆனால் பாஸ்டியைப் பொறுப்பான ஆளாகக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

டாக்சிக்காரரை ஏற்பாடு செய்வதாக டானெலிடம் சொன்னார்.

"காசு வாங்கிட்டு வர்றவங்க ஆகாது கண்ணு. அக்கறையால வரணும்."

"டாக்டர் காசு வாங்குறாரே?"

"டாக்டர் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலையே கண்ணு." இரண்டாவது முறையும் தள்ளிப்போனது. "தனியா இருக்கிறது இதயத்துக்கு ரொம்பக் கெடுதல்னு ஆராய்ச்சியே சொல்லுது, தெரியுமா? தனியா இருக்கிறவங்களுக்காக எங்ககிட்ட ஒரு குழு இருக்கு. மாசம் ஒரு கூட்டம்."

"சேர்ந்துக்கலாமா?"

"தாராளமா. கூட யாரையாவது கூட்டிட்டு வந்தாப் போதும்."

நேரில் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் க்ளெம் பஸ் ஏறினார். செயிண்ட் ஆஸ்வால்டில் வழிகாட்டிப் பலகைகள் நிறைய உண்டு. ஒவ்வொன்றும் இன்னொரு பலகைக்கு வழிகாட்டும். அப்படியே போய் அவர் ஒரு பெரிய அறைக்குள் நுழைந்துவிட்டார். ஒரு டஜன் டாக்டர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கால் வலியோடு க்ளெம் அதில் உட்கார்ந்தார்.

டானெல் ஓடி வந்தாள். "ஐயோ கண்ணு, அதுல உட்காரக் கூடாது. அது நோயாளிக்குன்னு வெச்சிருக்கு."

"நான் நோயாளிதான்."

"இல்ல கண்ணு, அது ஒரு அடையாளத்துக்கு. எங்க ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் நோயாளிதான் மையம். அதனால எந்தக் கூட்டத்துலயும் நடுவுல ஒரு காலி நாற்காலி போட்டுடுவோம். ஆள் உட்கார்ந்துட்டா எப்படி?"

க்ளெமைச் சுவரோரமாக நிற்கவைத்தார்கள். அவருடைய குழாயைப் பற்றித்தான் பேச்சு. அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. குழாயின் படம் திரைக்கு வந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது.

கட்சி இரண்டாகப் பிரிந்திருந்தது. ஃபென்விக் கட்சி துளைப்பான் கட்சி. வைரத்தூள் பதித்த ஒரு கடுகத்தனைத் தலையைக் கம்பி வழியாக அனுப்பி, வெறிபிடித்த வேகத்தில் சுழற்றிக் கல்லைப் பொடியாக்குவது அவர்கள் வழி. டாக்டர் ரோவீனா ஸ்ட்ரட்டின் கட்சி அதிர்வுக் கட்சி. சிறுநீரகக் கல்லை உடைக்கிற மாதிரி, பலூனுக்குள்ளிருந்து அதிர்வலைகளைக் கொடுத்துக் கல்லை இருந்த இடத்திலேயே விரிசல் விடவைப்பது அவர்கள் வழி.

"துளைக்காம இதுக்குள்ள எதுவும் நுழையாது," என்றார் ஃபென்விக்.

"துளைச்சா மேல்தோல்தான் போகும், ஆழத்துல இருக்கிறது அப்படியே இருக்கும்," என்றார் ரோவீனா.

"பதினஞ்சு வருஷமா நான் துளைக்கிறேன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கடைசியில் ஃபென்விக் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் அது சொற்பொழிவு. "நண்பர்களே, நாம சண்டை போடக் கூடாது. நமக்கு நோயாளியோட நலன்தான் முக்கியம். வியாழக்கிழமை கோல்ட் கோஸ்ட்ல ஆண்டு மாநாடு. நம்ம ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரடி ஒளிபரப்புக்கு நாப்பது நிமிஷம் குடுத்திருக்காங்க. ரெண்டையும் பண்ணிடுவோம். முதல்ல நான், அப்புறம் ரோவீனா. இந்த நோயாளிக்கு எது நல்லதுன்னு மேடையில எல்லாரும் பார்த்துக்கட்டும்."

எல்லோரும் நாற்காலிக் கைகளைத் தட்டினார்கள். சுவரோரமிருந்து க்ளெம் கையைத் தூக்கினார். "ஐயா, எனக்குப் பொறுப்பான ஆள் இல்லை."

"என்ன ஆள்?" என்றார் பேராசிரியர். டானெல் அவர் காதில் விளக்கினாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அறுநூறு பேர் இவரோட குழாயைப் பார்க்க டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பாங்க. இவருக்கு ஆள் இல்லைன்னு யாரு சொன்னது?"

இப்படியாக ரூல் வியாழக்கிழமைவரை தூங்கப் போனது. க்ளெமை வீட்டுக்கு அனுப்பாமல் அன்றைக்கே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

சிகிச்சை அறை குளிராக இருந்தது. க்ளெமின் மணிக்கட்டு வழியாகக் கம்பியை ஏற்றினார்கள். பாதி மயக்கம்தான், பேசுவது எல்லாம் காதில் விழுந்தது. கேமராக்காரர் ஒருவர் வந்து அவர் முகத்துக்கு மேல் பச்சைத் துணியைத் தூக்கிக் கட்டினார்.

"எதுக்குப்பா இது?"

"உங்க முகம் தெரிஞ்சிடக் கூடாதுங்க. உங்க அந்தரங்கத்தைக் காப்பாத்தணும்ல?"

பிறகு அவருடைய இதயத்தின் உட்புறத்தைச் சினிமாக் கொட்டகை அளவுக்குப் பெரிதாக்கி அறுநூறு பேருக்குக் காட்டினார்கள்.

ஒலிபெருக்கியில் மாநாட்டு மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அடிலெய்டு, மூணாம் நம்பர் கேஸ், ஆரம்பிக்கலாமா?" ஃபென்விக்கின் குரல் இரண்டு மடங்கு கனமாகிவிட்டது. "நோயாளி எழுபத்துமூணு வயசு ஆண். சுண்ணாம்பு முழு வட்டம்." சபையில் மெச்சிக்கொள்ளும் சத்தம் எழுந்தது. துளைப்பான் பல் வைத்தியரின் கருவி மாதிரி கீச்சிட்டது. நின்றது. மறுபடி கீச்சிட்டது. க்ளெமுக்கு நெஞ்சு அடைத்தது. சொல்லலாமா என்று யோசித்தார். அறுநூறு பேர் பார்க்கும்போது குறுக்கே பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது.

துளை விழுந்தது. பலூனை ஊதினார்கள். கல் இறுக்கிப் பிடித்ததில் அது நடுவில் இடுப்பு ஒடுங்கியபடியே நின்றது. மேடைக்குரல் "அடடா" என்றது. ரோவீனா முன்னால் வந்தார். நெஞ்சுக்குள் யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி டிக், டிக், டிக் என்று கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒலிபெருக்கி வெடித்துவிடும்போல் கைதட்டல்.

கல் உடைந்துவிட்டது. வாழ்நாளில் தனக்காக யாரும் கைதட்டி க்ளெம் கேட்டதில்லை. துணிக்கு அடியில் சிரித்துக்கொண்டார். நோரீன் இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பாள் என்று நினைத்ததும், துணி முகத்தை மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று.

"பிரமாதம் அடிலெய்டு!" என்றது மேடைக்குரல். "கம்பிவலை வைக்கிறதை நாங்க கற்பனை பண்ணிக்கிறோம். இப்ப தேநீர் இடைவேளை."

கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஃபென்விக் கையுறையைக் கழற்றினார். "நீ முடிச்சிடு ரோவீனா." போய்விட்டார். அவருக்குப் பின்னால் அறையில் பாதிப் பேர் போனார்கள். ரோவீனா கம்பிவலையைப் பொருத்தினார், படத்தை மூன்று கோணத்தில் பார்த்தார், சரியாகத்தான் செய்தார்.

"எல்லாம் நல்லபடியா ஆச்சு, மூணாம் நம்பர்."

"ஹாஸ்கிங்," என்றார் க்ளெம்.

"என்ன?"

"என் பேரு."

"ஓ," என்றார் ரோவீனா, உண்மையிலேயே வெட்கப்பட்டு.

மறுநாள் காலை ரூல் விழித்துக்கொண்டது. க்ளெமை விடைபெறும் கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். சாய்வு நாற்காலிகள், சமையல் நிகழ்ச்சி ஓடும் டிவி, பச்சை ஜெல்லி. பொறுப்பான ஆள் வந்தால்தான் அங்கிருந்து விடை கிடைக்கும். ஒவ்வொருவரையும் மகள் வந்து, மாப்பிள்ளை வந்து, கிளப் நண்பன் வந்து கூட்டிப் போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் க்ளெம் நிமிர்ந்து பார்த்தார். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் பார்த்தார்.

டானெல் வந்தாள். "யாராவது கிடைச்சாங்களா கண்ணு?"

"நேத்து அறுநூறு பேர் இருந்தாங்களே. அதுல ஒருத்தர் வரமாட்டாங்களா?"

"அவங்க உங்க குழாயைப் பார்க்க வந்தவங்க கண்ணு. உங்களைப் பார்க்க இல்ல." அவள் இதைக் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லாமல், ஆறுதலாகவே சொன்னாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கறுப்பு ஸ்வெட்டர் போட்ட கிரேக்க அம்மாள். மணிக்கட்டில் க்ளெமைப் போலவே கட்டு. "இந்த ஜெல்லியைத் தின்னாதேய்யா. நான் நேத்திலிருந்து தின்னுட்டிருக்கேன்."

அவள் பெயர் வூலா மன்ட்சாரிஸ். ரென்மார்க்கில் ஆரஞ்சுத் தோட்டம். தோட்டத்தை வாங்கினவர்கள் வீட்டை மட்டும் அவளுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். மகன் டொரான்டோவில்.

"உங்க குழாயும் கல்லா?" என்று கேட்டார் க்ளெம்.

"கல்லுதான். ஆனா பாதி வட்டம். அதனால ஒளிபரப்பு இல்லைன்னுட்டாங்க. உனக்குக் கைதட்டினாங்களாமே?"

"கொஞ்சம்."

"கொடுத்து வெச்சவன். எனக்கு யாரோ ஏப்பம் விட்டாங்க, அவ்வளவுதான்." அவள் டானெலைப் பார்த்துத் திரும்பினாள். "ஏம்மா, இங்க வா. பொறுப்பான ஆள்னா என்னென்ன வேணும்? திருப்பிச் சொல்லு."

"பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும், கண்ணு. குடிச்சிருக்கக் கூடாது. போன் பண்ணத் தெரியணும். காசு வாங்கக் கூடாது."

வூலா க்ளெமை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "உனக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சா?"

"சமீபத்துலதான்."

"குடிச்சிருக்கியா?"

"ஜெல்லி மட்டும்."

"இவர்தான் என்னோட பொறுப்பான ஆள்," என்றாள் வூலா. "நான் இவரோட ஆள். எழுதிக்கோ."

டானெல் படிவத்தைப் புரட்டினாள். "ரெண்டு பேருமே நோயாளியாச்சே கண்ணு."

"பொறுப்பான ஆள் நோயாளியா இருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

டானெல் தன் மேலாளருக்குப் போன் செய்தாள். மேலாளர் அவருக்கு மேலே இருந்தவருக்குப் போன் செய்தார். மேலே இருந்தவர் சொன்னதை டானெல் வார்த்தை மாறாமல் சொன்னாள்: "அப்படி ஒரு ரூல் இல்லையாம். தேவையான ரூலா இருந்தா இந்நேரம் நாங்க போட்டிருப்போமேன்னு கேக்குறாங்க." மேலும், விடைபெறும் கூடத்தில் நாற்காலி தட்டுப்பாடு என்றும், உடல்நிலை சரியில்லாத இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு முன்மாதிரி என்றும், வருகிற ஆண்டறிக்கையில் சேர்க்கலாம் என்றும் அவர் சொன்னாராம்.

விதிப்படி இருவரும் ஜோடியாக வாசலைக் கடந்தார்கள். டானெல் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கையசைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

பஸ் நிலையத்தில் வாலரூ பஸ் ஒரு பக்கம், ரென்மார்க் பஸ் எதிர்ப்பக்கம். க்ளெம் ஒரு பாஸ்டி வாங்கிப் பாதியாகப் பிய்த்து நீட்டினார். "இதைத் தின்னுதான் முழு வட்டம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு வூலா முழுப் பாதியையும் தின்றாள். பிறகு பேனா எடுத்து, அவர் கையில் இன்னும் கழற்றாமலிருந்த ஆஸ்பத்திரிப் பட்டையில் தன் வீட்டு எண்ணை எழுதினாள். தன் பட்டையை அவரிடம் நீட்டினாள்.

"ராத்திரி கூட இருக்கணும்னு ரூல்," என்றாள். "போன்ல இருப்போம். சாகறதா இருந்தா சொல்லிட்டுச் சாகு."

சாயங்காலம், விடுமுறைக்காரர்கள் வந்து சேரும் முன்பே, க்ளெம் தெருவுக்குத் திரும்பியபோது எல்லா வீட்டுத் தொட்டிகளும் செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தன. அவர் இல்லாதது யாருக்காவது தெரிந்தது என்றால் அது அந்தத் தொட்டிகளுக்குத்தான். கட்டுப் போடாத கையால் ஒவ்வொன்றாக உருட்டினார். நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கவில்லை. கடைசித் தொட்டியை வைத்துவிட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஏழு மணிக்கு வூலாவுக்குப் போன் செய்தார். "உயிரோட இருக்கேன், நீ?" என்றாள். ஒன்பது மணிக்கு அவள் செய்தாள். காலையில் அவர் செய்தார். ரூல் அத்தோடு முடிந்தது.

அடுத்த நாள் மதியம் படகுத்துறையின் கடைசிவரை நடந்தார். அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போலிருந்தது. சுற்றிலும் கடல்பறவைகள்தான்.

மாலையில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். பதிவு செய்த குரல்: "செயிண்ட் ஆஸ்வால்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. உங்கள் பொறுப்பான ஆள் இப்போது உங்களுடன் இருந்தால் ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால் இரண்டை அழுத்தவும்." க்ளெம் எதையும் அழுத்தவில்லை. குரல் மூன்று தடவை கேட்டுவிட்டுத் தானே வைத்துவிட்டது.

அவர் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். ஒரு ராத்திரிக்குத்தான் பொறுப்பு. இப்போது என்ன காரணம் சொல்வது? ஆனாலும் எண்களை அழுத்தினார். எங்கேஜ்டு. வைத்துவிட்டு மறுபடி முயன்றார். எங்கேஜ்டு. அவளுக்குப் பேச ஆள் இருக்கிறார்கள், டொரான்டோ மகனாக இருக்கும், நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரிசீவரை வைத்தார். அவருக்கு அது நல்லதாக இல்லை.

கை எடுப்பதற்குள் மணி அடித்தது.

"யாரோடய்யா இவ்வளவு நேரம் பேச்சு?" என்றாள் வூலா. "எத்தனை தடவை அடிச்சாலும் எங்கேஜ்டு!"

"உங்களுக்குத்தான் அடிச்சுட்டிருந்தேன்."

மறுமுனையில் வூலா சிரித்தாள்.

"ரூல் நேத்துக் காலையோட முடிஞ்சுபோச்சு," என்றார் க்ளெம்.

"அப்படியா?" என்றாள் வூலா. "எனக்கு யாரும் சொல்லலையே."

க்ளெம் நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, படகுத்துறைக்கு நடந்த கதையை ஆரம்பித்தார்.